கரிக்கோடு

திரள் தொடங்கிப் பதினோராவது இரவு.
திரையில் மறுபடி ஒரு முள்:
இரண்டு புள்ளி மூன்று, ஆழம் ஏழு கிலோமீட்டர்.
என் தேநீரின் மேல் படிந்த ஆடைகூடச் சுருங்கவில்லை.

பெரியது ஒன்று வந்து
பின்னால் சிறியவை வந்தால்
அதற்கு ஒழுங்கான பெயர் இருக்கிறது.
தலையே இல்லாமல் வெறும் வால்களாக வருவதைத்
திரள் என்று எழுதிவைக்கிறோம்.
ஏன் வருகிறது என்றால் உதட்டைப் பிதுக்குவார் பூபிந்தர்.
"கீழே யாருக்கோ தூக்கம் பிடிக்கல."

இரவில் தொலைபேசியும் என் பொறுப்பு.
ரோஹிணியிலிருந்து சாப்ரா:
பதினாலாவது மாடி, சரவிளக்கு ஆடுகிறது,
ஃபிளாட்டை இப்போதே விற்றுவிடலாமா?
துவாரகாவிலிருந்து ஒரு பையன்:
நாளைக்குக் கணக்குப் பரீட்சை,
பள்ளிக்கூடத்தை மூட எத்தனை ரிக்டர் வேண்டும்?

பிறகு மூன்று மணி வாக்கில் பவுனம்மாள்.
முதல் நாள் இந்தியில்தான் ஆரம்பித்தாள்.
நான் தும்மினேன், "அம்மா" என்றேன்.
அது போதுமாயிருந்தது.
"இப்ப வந்துச்சே கண்ணு, அது கணக்குல சேருமா?"

விழுப்புரம் பக்கம். நாலு வீட்டில் பாத்திரம்.
சாக்கடை ஓரக் குடியிருப்பில் கடைசி வீடு.
யமுனை வண்டலில் ஒற்றைச் செங்கல் சுவர்,
எங்கள் கருவிகளைவிட நுட்பம்.
ஒவ்வொரு நடுக்கத்துக்கும் அந்தச் சுவரில்
பால் கணக்குக்குப் பக்கத்தில்
ஒரு கரிக்கோடு.

"எங்கிட்ட நாப்பத்தொண்ணு."
எங்களிடம் முப்பத்தெட்டு.
மெட்ரோவாக இருக்கும் என்றேன்.
"மெட்ரோ தெரியாதா எனக்கு?
அது தொண்டையச் செருமிக்கிட்டு வரும்."

அவள் சொன்ன நேரங்களுக்குப் பதிவைப் பின்னோக்கி ஓட்டினேன்.
மூன்றும் இருந்தன.
பகல் பத்தரை, பதினொன்று, தடித்து, நீண்டு, நிற்காமல்.
மனித இரைச்சல் என்று நாங்களே கழித்துவிட்டிருந்தோம்.
எதிர்வரிசை வீடுகளை இயந்திரம் இடித்த நாட்கள்.

அதைத் தயங்கித்தான் சொன்னேன்.
"தெரியும் கண்ணு. தெரிஞ்சுதான் போட்டேன்.
வீடு ஆடுச்சா, இல்லியா?"

இந்த வகைப் பிளவில் மண் எழுவதில்லை, அமிழ்வதில்லை.
ராஜீவ் சௌக்கில் ஏறுகிறவரும் இறங்குகிறவரும் போல
தோளோடு தோள் உரசிப்
பக்கவாட்டில் போகிறது.
பயிற்சியில் சொல்லித்தந்த விதி எளிது:
ஒரு கரையில் நில்,
எதிர்க்கரை எந்தப் பக்கம் நகர்ந்தது என்று பார்.
சொல்லாமல் விட்டது:
எதிர்க்கரையில் நிற்பவருக்கு
நகர்ந்தது நீ.

இடப்பெயர்ச்சி என்கிறோம்.
எங்கள் அட்டவணையில் அது மில்லிமீட்டர்.
அவளுக்கு வந்த தாளில் நரேலா.
"அங்கேருந்து மொத பஸ்ஸப் புடிக்க
எத்தினி மணிக்கு எழுந்திரிக்கணும்னு கணக்குப் போட்டேன்.
தூங்கவே வேணாம்னு வந்துச்சு."
சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன்,
பிறகு ஏன் சிரித்தேன் என்று
கோப்பையைக் கழுவப் போனேன்.

அதன்பின் ஆறு இரவுகள் மண் பேசவில்லை.
அவளும் அழைக்கவில்லை.
நடுக்கம் இல்லாமல் அழைக்க அவளுக்கும் காரணம் இல்லை,
எனக்கும் இல்லை.

ஏழாம் இரவு, இரண்டு ஐம்பத்திரண்டு.
மூன்று புள்ளி ஒன்று.
இம்முறை தேநீர் ஆடியது.
சாப்ரா அழைத்தார், விலை இறங்கிவிட்டதாம்.
பையன் அழைத்தான், தேறிவிட்டானாம்.
மூன்று மணி. மூன்றே கால். நான்கு.
கடைசியில் அவள் எண்ணை நானே அழுத்தினேன்.
தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது
இரண்டு மொழிகளில் ஒரு பெண்குரல்,
இரண்டிலும் அவள் மொழி இல்லை.

பதிவேட்டில் முப்பத்தொன்பது என்று மையால் எழுதினேன்.
ஓரத்தில், பென்சிலால், நாற்பத்திரண்டு.

காலையில் கையெழுத்துப் போட வந்த பூபிந்தர்
இரண்டையும் பார்த்தார்.
அழிப்பானைத் தேடுவதுபோல் மேசையைத் தடவினார்.
கண்ணெதிரே இருந்தது.
எடுக்கவில்லை.